சிவப்பு எழுத்தில் வரும் அந்தப் பிழை யாருடையது?

குரோம்பேட்டையில் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வீடு கட்டிக் குடியேறிய ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வீடு நகரவில்லை, தெரு நகரவில்லை. மாவட்டம்தான் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1997 வரை அது செங்கை எம்.ஜி.ஆர் மாவட்டம். பிறகு காஞ்சிபுரம். 2019 நவம்பரிலிருந்து செங்கல்பட்டு. உள்ளாட்சியும் அப்படித்தான். பல்லாவரம் நகராட்சியாக இருந்தது 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. 2022 ஜனவரியில் போலீஸும் தாம்பரம் கமிஷனரேட் ஆனது. தபால்காரருக்கு மட்டும் குழப்பமே இல்லை. அவருக்கு அது அன்றும் இன்றும் சென்னை – 600 044.

இந்த வீட்டுக்காரர் இணையத்தில் ஏதோ ஒரு விண்ணப்பம் நிரப்புகிறார். பின்கோடு கட்டத்தில் 600044 என்று அடித்ததும், கீழே மாவட்டம் ‘சென்னை’ என்று தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவர் அதைச் ‘செங்கல்பட்டு’ என்று மாற்றுகிறார். உடனே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: ‘பின்கோடும் மாவட்டமும் பொருந்தவில்லை.’ ஆதாரில் செங்கல்பட்டு, ரேஷன் கார்டில் காஞ்சிபுரம், படிவத்தில் சென்னை. மூன்றில் எதைப் போட்டாலும் நாளைக்கு ஒரு அதிகாரி ‘ஏன் சார் மாத்தி மாத்திப் போட்டிருக்கீங்க’ என்று கேட்பார். பொய் எதையும் எழுதாத மனிதர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தச் சிவப்பு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது அரசாங்கமோ வங்கியோ யோசித்துப் போட்ட விதி என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. யாரோ ஒரு டெவலப்பர் ஒரு மத்தியான நேரத்தில் எழுதிய, அல்லது வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய, பத்து வரி நிரல் அது.

வாசலில் நிற்கும் நிரல்

இணையப் படிவத்தில் ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தினால் விவரங்கள் நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். அப்படிப் போவதற்கு முன்பே, உங்கள் போனிலோ கம்ப்யூட்டரிலோ உள்ள பிரவுசரிலேயே ஒரு சின்ன நிரல் ஓடி, கட்டங்கள் காலியாக இருக்கின்றனவா, இமெயிலில் ‘அட்’ குறி இருக்கிறதா, மொபைல் எண் பத்து இலக்கமா என்று பார்க்கும். இதைக் கிளையன்ட்-சைடு வேலிடேஷன் என்பார்கள். இதையே எந்தத் தளத்திலும் பொருத்திக்கொள்ளும்படி தனிப் பொட்டலமாகச் செய்தால் அது வேலிடேஷன் பிளக்-இன்.

இந்த ஏற்பாட்டுக்கு நியாயமான காரணம் இருந்தது. 1995-ல் நெட்ஸ்கேப் பிரவுசருக்காக ஜாவாஸ்கிரிப்ட் வந்தபோது எல்லோரும் டெலிபோன் லைன் வழியாகத்தான் இணையத்துக்குப் போனார்கள். ஒரு கட்டம் காலி என்பதைச் சொல்லக்கூடப் படிவம் சர்வர் வரை போய்த் திரும்ப வேண்டும், அதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். அந்தப் பயணத்தை மிச்சப்படுத்தியதுதான் ஜாவாஸ்கிரிப்ட் செய்த முதல் உருப்படியான வேலைகளில் ஒன்று. 2006-ல் ஜேக்வெரி வந்தது, அதே வருஷம் அதற்கான வேலிடேஷன் பிளக்-இன்னும் வந்தது. பிறகு எச்டிஎம்எல்5 இதில் பாதியைப் பிரவுசருக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. இந்தக் கட்டம் கட்டாயம், இந்தக் கட்டத்தில் இந்த வடிவம்தான் என்று ஒரு சொல்லில் எழுதினால் போதும், மீதியைப் பிரவுசர் பார்த்துக்கொள்ளும்.

ஆக, தொடக்கத்தில் இது நிரப்புபவருக்குச் செய்த உதவி. ‘ஒரு இலக்கம் விட்டுப்போச்சு, பாருங்க’ என்று பக்கத்தில் நின்று சொல்வது போல. எப்போது இது வாட்ச்மேன் வேலையாக மாறியது என்பதுதான் கேள்வி.

தாம்பரம், மேடவாக்கம், பம்மல், சேலையூர் பக்கமெல்லாம் மாடியில் இரண்டு அறை, நாலைந்து பேர் என்று இணையதளம் செய்துகொடுக்கும் சிறு நிறுவனங்கள் இருக்கின்றன. நானும் இந்த வேலையில் இருப்பவன்தான். பள்ளி அட்மிஷன், ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட், சீட்டு கம்பெனி, கல்யாண மண்டபம் என எல்லாவற்றுக்கும் படிவம் வேண்டும். கடைக்காரர் டிசைனைப் பார்ப்பார், நிறத்தைப் பார்ப்பார். ‘பெயர் கட்டத்தில் என்ன விதி போட்டிருக்கிறாய்’ என்று ஒருவரும் கேட்டதில்லை. அதனால் அந்த விதி எங்கிருந்து வருகிறது என்றால், முந்தின பிராஜெக்ட்டிலிருந்து. அதற்கு அது எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அமெரிக்காவில் யாரோ, அமெரிக்கப் பெயர்களை மனதில் வைத்து எழுதியதிலிருந்து.

‘லாஸ்ட் நேம் போடாம போக மாட்டேங்குது’

இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ அரை மணி நேரம் உட்கார்ந்தால் இந்த வாக்கியத்தைக் கேட்கலாம். ‘சார், லாஸ்ட் நேம் கேக்குது, என்ன போடட்டும்?’ வந்தவர் பெயர் முருகன், அப்பா பெயர் சுப்பிரமணியன். பள்ளிச் சான்றிதழில் ‘முருகன் எஸ்’. லாஸ்ட் நேம் என்ற ஒன்று அவரிடம் இல்லை. சரி, ‘எஸ்’ போடலாம் என்றால், ‘குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்’ என்று சிவப்பு வரி. புள்ளி வைத்தால், ‘சிறப்புக் குறிகள் அனுமதி இல்லை.’ கடைசியில் என்ன நடக்கும்? ஒரு தளத்தில் முருகன் முருகன். இன்னொன்றில் முருகன் சுப்பிரமணியன். மூன்றாவதில் சுப்பிரமணியன் முருகன். ஒரே ஆளுக்கு மூன்று பெயர். மூன்றும் கணினியின் பார்வையில் செல்லுபடியானவை, அவர் உண்மையில் எழுதும் பெயர் மட்டும் செல்லாது.

இங்கே கொஞ்சம் சரித்திரம் பேச வேண்டியிருக்கிறது. நமக்கு லாஸ்ட் நேம் இல்லாமல் போனது தற்செயல் அல்ல. 1929 பிப்ரவரியில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு செங்கல்பட்டில் நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பின் வந்த பத்தாண்டுகளில் லட்சக்கணக்கானவர்கள் விட்டார்கள். பெயரின் வால் போய் இனிஷியல் மட்டும் நின்றது. இன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் உட்கார்ந்து ஒரு டெவலப்பர் ‘லாஸ்ட் நேம் கட்டாயம்’ என்று எழுதும்போது, அந்த மாநாடு எதை வேண்டாம் என்றதோ அதைத்தான் திரும்பக் கேட்கிறார். அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவருடைய பெயரிலேயே லாஸ்ட் நேம் இருக்காது என்பதுதான் வேடிக்கை.

பெயர் மாறினால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்கலாம். போகிறது. பான் எண்ணின் பத்து இடங்களில் ஐந்தாவது எழுத்து, உரியவரின் குடும்பப் பெயரின் முதல் எழுத்து. நெடுநாள் புழக்கத்தில் இருந்த 49ஏ படிவத்தில் இனிஷியல் போடக் கூடாது, விரித்து எழுத வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர் அதைக் கடைசிப் பெயர் கட்டத்தில் எழுத வேண்டும். எனவே நம் முருகன் எந்தக் கட்டத்தில் எதை எழுதினார் என்பதைப் பொறுத்து அவருடைய பான் எண்ணில் ஐந்தாவது எழுத்து ‘எம்’ ஆகவோ ‘எஸ்’ ஆகவோ இருக்கும். ‘ஐந்தாவது எழுத்தையும் லாஸ்ட் நேமையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கிறேன்’ என்று கிளம்பும் புத்திசாலிப் பிளக்-இன், பாதித் தமிழ்நாட்டைத் திருப்பி அனுப்பிவிடும்.

அமெரிக்க விசாவில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு ‘எஃப்என்யூ’ என்று முன்பெயர் அச்சாகி வரும். ‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கம் அது. அப்படியே அங்குள்ள அலுவலகங்களில் ‘மிஸ்டர் எஃப்என்யூ’ ஆனவர்கள் உண்டு. 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பிறகு இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தாலும் போதும் என்று விளக்கம் வந்தது. மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பெட்டியோடு கிளம்பும் ஒருவருக்கு, எப்போதோ ஒரு படிவத்தில் எந்தக் கட்டத்தில் எதை அடித்தோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

இது நம் ஊருக்கு மட்டுமான சிக்கலும் அல்ல. ஜப்பானில் இருந்த பேட்ரிக் மெக்கென்சி என்ற புரோகிராமர், பெயர்களைப் பற்றிப் புரோகிராமர்கள் நம்பிக்கொண்டிருக்கும் பொய்கள் என்று 2010-ல் ஒரு பட்டியல் எழுதினார். நாற்பது பொய்கள். எல்லோருக்கும் கடைசிப் பெயர் உண்டு என்பதும் அதில் ஒன்று. பட்டியல் வந்து பதினைந்து வருஷம் தாண்டியும் படிவங்கள் மாறவில்லை.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது: ‘முழுப் பெயர்’ என்று ஒரே கட்டம். தேவைப்பட்டால் ‘இனிஷியல்’ என்று இன்னொரு கட்டம், அதுவும் கட்டாயம் இல்லை.

சாய்கோடும் மேற்கோள்குறியும்

சென்னைக்காரர்களின் கதவு எண்ணைப் பாருங்கள். புதிய எண் 12, பழைய எண் 7. எழுதும்போது 12/7. புறநகரில் மனைப் பிரிவு எண்ணும் சேரும், 4/213-ஏ என்று. சாய்கோடு இல்லாமல் தாம்பரத்தில் ஒரு முகவரி எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம். ஆனால் எத்தனை படிவங்கள் முகவரிக் கட்டத்தில் சாய்கோட்டையும் காற்புள்ளியையும் மறுக்கின்றன! பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் தலைமுறைகளாக வாழும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் டி’சௌசா, டி’க்ரூஸ் என்று பெயர் உண்டு. நடுவில் உள்ள அந்த ஒற்றை மேற்கோள்குறியைக் கண்டால் படிவம் அலறும்.

ஏன் இந்தப் பயம் என்றால், அதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. நிரப்பியதை அப்படியே டேட்டாபேஸ் கட்டளைக்குள் ஒட்டும் நிரல்களில், மேற்கோள்குறி ஒன்றை வைத்துக் கட்டளையையே மாற்றிவிடலாம். எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் என்ற தாக்குதல் அதுதான். இதற்கு மருந்து என்னவோ வெகுநாளாகத் தெரிந்ததுதான். கட்டளையை ஒரு பக்கமும் விவரத்தை ஒரு பக்கமுமாகப் பிரித்து அனுப்ப வேண்டும், அதுவும் சர்வரில். அதைச் செய்தால் மேற்கோள்குறி வெறும் மேற்கோள்குறிதான், யாரையும் கடிக்காது. அதைச் செய்யாமல் படிவத்தில் குறிகளைத் தடை செய்வது, பூட்டு போடாமல் வாசலில் ‘திருடர்கள் வரக் கூடாது’ என்று பலகை வைப்பது மாதிரி. டி’சௌசா பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போவார். திருடன் பிரவுசரே இல்லாமல் நேராகச் சர்வருக்கு விவரத்தை அனுப்புவான். அதற்கு ஒரு வரிக் கட்டளை போதும்.

பிரவுசரில் செய்யும் எந்தச் சோதனையும் பாதுகாப்பு ஆகாது. அங்கே ஓடும் நிரல் பயனாளியின் கையில் இருக்கிறது, அவர் அதை அணைத்துவிடலாம். ஆகவே ஒவ்வொரு சோதனையும் சர்வரில் இன்னொரு முறை நடந்தே ஆக வேண்டும். இதை நம் பகுதி ஐடி நிறுவனங்களின் இன்டர்வியூவில் எல்லோரும் ஒப்பிப்பார்கள். கோட்டில் பார்த்தால் பல நேரம் பிரவுசரில் மட்டும்தான் இருக்கும்.

‘தாம்பரம்’ எத்தனை எழுத்து?

2021 டிசம்பரில் தமிழக அரசு ஓர் உத்தரவு போட்டது. பெயரைத் தமிழில் எழுதும்போது இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று. நல்ல விஷயம். ஆனால் அந்தப் பெயரை இணையப் படிவத்தில் அடித்தால்?

பல பிளக்-இன்களில் பெயருக்கான விதி, ஆங்கில ஏ முதல் இசட் வரை மட்டும். தமிழ் எழுத்து ஒன்றுகூட உள்ளே போகாது. ‘எங்கள் தளம் தமிழ் ஏற்கும்’ என்பவர்கள் அடுத்த படிக்குப் போவார்கள். எந்த மொழி எழுத்தாக இருந்தாலும் சரி என்று ஒரு யூனிகோட் விதி இருக்கிறது, அதைப் போடுவார்கள். அதிலும் ஒரு குழி. யூனிகோடில் ‘க’ ஓர் எழுத்து. ஆனால் புள்ளி, கால், கொம்பு எல்லாம் எழுத்து என்ற வகையில் வராது, ‘குறி’ என்ற வேறு வகை. எனவே ‘எழுத்துகள் மட்டும்’ என்ற விதியில் முருகன் தோற்றுவிடுவார், ‘மு’வில் உள்ள உகரக் குறியிலேயே. லட்சுமி தோற்பார், செல்வி தோற்பார். உயிரெழுத்தும் அகர உயிர்மெய்யும் மட்டுமே வருகிற தமிழ்ப் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விதியில் ‘எழுத்து அல்லது குறி’ என்று இன்னும் ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. சேர்க்காமல் விடுவதற்குக் காரணம், தமிழில் ஒரு பெயரை அடித்துச் சோதித்துப் பார்க்காததுதான். தமிழ் பேசும் டெவலப்பர், தமிழ்நாட்டுக்கான தளத்தில்!

நீளக் கணக்கும் இப்படித்தான். ‘தாம்பரம்’ நமக்கு ஐந்து எழுத்து. ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் எட்டு என்கும், ஏனென்றால் காலையும் புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணும். சர்வரில் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 24 பைட். ‘அதிகபட்சம் 20’ என்று ஆங்கிலத்துக்காக வைத்த அளவு, தமிழில் பத்து, பன்னிரண்டு எழுத்திலேயே முடிந்துவிடலாம். சில டேட்டாபேஸ்கள் பைட் கணக்கில் வெட்டும், அப்போது இன்னும் சீக்கிரம்.

இன்னொன்று. கோவிலம்பாக்கத்தின் ‘கோ’வை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்க முடியும். ஓகாரக் குறியை ஒரே குறியாக அடிக்கலாம், அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடிக்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. கணினிக்கு அவை இரண்டு வேறு ஊர்கள். ஒருவர் பதிந்ததை இன்னொருவர் தேடினால் கிடைக்காது. விவரத்தை வாங்கியவுடன் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள ஜாவாஸ்கிரிப்டிலேயே ‘நார்மலைஸ்’ என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு வரி வேலை.

எங்கே கண்டிப்பு வேண்டும்

இதையெல்லாம் சொன்னால், ‘அப்ப எதையுமே செக் பண்ணாதேங்கிறீங்களா? குப்பையா வந்து விழுமே’ என்பார்கள். அலுவலகங்களில் தினமும் தப்பான விவரங்களோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் எந்தக் கட்டத்தில் கண்டிப்பு காட்டுவது என்பதில்தான் நாம் தலைகீழாக இருக்கிறோம்.

கணக்கு வைத்துச் சரிபார்க்கக்கூடிய எண்களில் கண்டிப்பு நல்லது. ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், மற்ற பதினொன்றையும் வைத்து வெர்ஹோஃப் என்ற முறையில் கணக்கிடப்பட்டது. 1969-ல் டச்சுக் கணித அறிஞர் யாக்கோபஸ் வெர்ஹோஃப் வகுத்தது. ஓர் இலக்கம் தப்பாக விழுந்தாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடும். ஆதார் எண் 0-விலோ 1-லோ தொடங்காது. அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர் போனில் தடவித் தடவி 12 இலக்கம் அடிக்கும்போது, ‘ஒரு எண் மாறியிருக்கிறது போலிருக்கிறது’ என்று அந்த இடத்திலேயே சொன்னால், அது பெரிய உபகாரம். ஜிஎஸ்டி ரோட்டில் கடை வைத்திருப்பவரின் ஜிஎஸ்டி எண்ணிலும் இதே வசதி உண்டு. 15 இடம், தமிழ்நாட்டுக்கு 33-ல் தொடங்கும், நடுவில் பான், கடைசியில் சோதனைக் குறி. ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 இடம், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். ‘பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ அடித்திருக்கிறீர்கள்’ என்று பிளக்-இன் சொல்லலாம், அல்லது தானே திருத்திக்கொள்ளலாம்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? ஆதார் அட்டையில் எண் நான்கு நான்காக இடைவெளி விட்டுத்தான் அச்சாகியிருக்கிறது. அதைப் பார்த்து அப்படியே அடித்தால், ‘எண்கள் மட்டும்’ என்று திட்டு. அதைவிட மோசம், கட்டத்துக்கு 12 என்று உச்சவரம்பு வைத்துவிடுவது. இடைவெளியோடு காப்பி செய்து ஒட்டினால் 14 இடம் வரும், கடைசி இரண்டு இலக்கத்தைப் பிரவுசர் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஒட்டியவர் பத்து முறை பார்த்தாலும் என்ன தப்பென்று புரியாது. இடைவெளியை நிரல் தானே நீக்கிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? மொபைல் எண்ணும் இப்படித்தான். போன் தானாக நிரப்பும்போது முன்னால் கூட்டல் குறியும் 91-ம் சேர்ந்து வரும். சில பழைய விதிகள் 7, 8, 9-ல் தொடங்கும் எண்களை மட்டும் ஏற்கும், 6-ல் தொடங்கும் எண்கள் வந்து பல வருஷம் ஆனது அவற்றுக்குத் தெரியாது. வண்டி எண் கட்டம், தாம்பரம் ஆர்டிஓவின் டிஎன் 11-ஐ ஏற்கும். 2021-ல் வந்த பாரத் வரிசை எண்ணை அடித்தால் முழிக்கும்.

பெயர், முகவரி, தந்தை பெயர் போன்றவற்றில் எந்தக் கணக்கும் கிடையாது. அங்கே காலியாக இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மாவட்டமும் பின்கோடும் பொருந்தவில்லை என்று தோன்றினால், ‘ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மஞ்சளில் சொல்லிவிட்டு வழி விட வேண்டும். பின்கோடு 1972-ல் தபால் பிரிப்பதற்காக வந்த எண், மாவட்ட எல்லையைச் சொல்வதற்காக அல்ல. வண்டலூர் 600 048, அடுத்திருக்கும் கூடுவாஞ்சேரி 603 202. இரண்டும் ஒரே மாவட்டம்தான்.

குப்பை விவரம் வருவதற்கே பெரிய காரணம் இந்தக் கண்டிப்புதான் என்பது என் கட்சி. ‘முருகன் முருகன்’ என்ற பெயர் டேட்டாபேஸில் எப்படி வந்தது? முருகன் பொய் சொன்னதாலா? உண்மையை எழுதினால் பொத்தான் வேலை செய்யாது என்று ஆக்கிவைத்ததால்.

எப்போது, எப்படிச் சொல்வது

முதல் எழுத்தை அடித்தவுடனேயே ‘தவறான இமெயில்’ என்று கத்தும் படிவங்களை என்ன சொல்ல. முழுதாக அடிக்க விடுங்களேன். அந்தக் கட்டத்தை விட்டு நகர்ந்த பிறகு சொல்வதே மரியாதை. பிழை என்றால் எந்தக் கட்டம், என்ன பிழை, என்ன செய்ய வேண்டும் என்று மூன்றும் இருக்க வேண்டும். ‘இன்வேலிட் இன்புட்’ என்பது பிழைச் செய்தி அல்ல, வசவு. தமிழ்ப் பக்கத்தில் செய்தி மட்டும் ஆங்கிலத்தில் வருவதும் சகஜம். பிளக்-இன்னில் செய்திகள் தனிக் கோப்பாக இருக்கும், மொழிபெயர்க்க ஒரு சாயங்காலம் போதும், யாரும் செய்வதில்லை.

நிறத்தை மட்டும் நம்பினால், பார்வையில்லாதவர்களுக்கும் நிறக்குருடு உள்ளவர்களுக்கும் பிழையே தெரியாது. போனில் உள்ள திரைவாசிப்பான் படித்துச் சொல்லும்படி பிழைச் செய்தியைக் கட்டத்தோடு இணைத்து எழுத முறை இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தையே வைத்திருக்கும் பகுதி நம்முடையது. இங்கே செய்யும் தளங்களிலாவது இதைக் கவனிக்கலாம். பிரிட்டன் அரசின் டிசைன் குழு, பிரவுசரின் சொந்தச் சோதனையை அணைத்துவிட்டு, பிழைகளைப் பக்கத்தின் தலையில் ஒரு பட்டியலாகவும் அந்தந்தக் கட்டத்துக்கு மேலும் காட்டச் சொல்கிறது. எழுதும் விதம் உட்பட எல்லாவற்றையும் பொதுவில் வைத்திருக்கிறார்கள், எடுத்துக்கொள்ளலாம்.

பிளக்-இன்னை யார் காவல் காப்பது?

படிவத்தில் ஓடும் நிரல், நீங்கள் அடிக்கும் ஒவ்வொன்றையும் பார்க்கும். ஆதார், கார்டு எண், பாஸ்வேர்டு, எல்லாம். 2018-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில், வழக்கமாக இருந்த ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் 22 வரியை யாரோ சேர்த்துவிட்டார்கள். பணம் கட்டும் படிவத்தில் நிரப்பியதெல்லாம் வேறொரு சர்வருக்கும் போனது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள், 2020-ல் நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம். ‘பாலிஃபில்’ என்ற, ஏராளமான தளங்கள் வெளியிலிருந்து இழுத்துப் பயன்படுத்திய நிரலின் முகவரி கைமாறி, 2024 ஜூனில் அதன் வழியே தீங்கு நிரல் பரவியது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான தளங்கள் சிக்கின.

எனவே பிளக்-இன் எழுதுகிற தம்பி, தங்கைகளுக்கு: வெளி முகவரியிலிருந்து நேரடியாக இழுக்காமல், கோப்பை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால், கோப்பு மாறினால் பிரவுசரே மறுக்கும்படி அதன் கைரேகையைச் சேர்த்து எழுதும் வசதி இருக்கிறது. பத்து வரியில் முடிகிற சோதனைக்கு ஐம்பது கோப்பு கொண்ட பொட்டலத்தைத் தூக்கி வைக்காதீர்கள், பிரவுசரே பாதியைச் செய்துவிடும்.

தளம் செய்யச் சொல்லிக் காசு கொடுப்பவர்களுக்கு ஒன்று. டெலிவரி வாங்கும் முன், டிசைனைப் பார்க்கிற அதே கவனத்தோடு உங்கள் பாட்டியின் பெயரையும் உங்கள் வீட்டுக் கதவு எண்ணையும் அப்படியே அடித்துப் பாருங்கள். தமிழிலும் அடித்துப் பாருங்கள். ஒற்றைப் பெயர் ஒன்று, மேற்கோள்குறி உள்ள பெயர் ஒன்று, இடைவெளியோடு ஓர் ஆதார் எண். பத்து நிமிஷ வேலை. அப்படியே மாவட்டப் பட்டியலையும் திறந்து எண்ணிவிடுங்கள். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை சேர்ந்ததிலிருந்து தமிழ்நாட்டில் 38 மாவட்டம். உங்கள் படிவத்தில் 32 மட்டும் இருந்தால், அது 2019-க்கு முந்தின பட்டியல். அதில் செங்கல்பட்டு இருக்காது.